சந்திரமௌலி சாரின் இடது கால்

பூனைக்கு விழ வேண்டிய அடி பாட்டிலுக்கு விழுந்தது.

ஃப்ளோராவின் குறி அப்படி. தேசம்மா கூடையிலிருந்து எடுத்து வைத்த வஞ்சிரத் துண்டைக் கறுப்புப் பூனை கவ்வியதும், கையிலிருந்த அகப்பையை வீசினாள். பூனை மீனோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டது. அகப்பை அடுப்படி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய், அப்பா கோடை முழுக்கப் பாடுபட்டு வடித்த சிவப்புத் தைலத்தைத் தரைக்குக் கொண்டுவந்தது. பாட்டில் உடையவில்லை. மூடி மட்டும் ஒரு பக்கம் உருண்டது, தைலம் எல்லாப் பக்கமும் ஓடியது.

"இன்னா பாப்பா, இவ்ளோ சேப்பா கீது? ரத்தமா?" என்றாள் தேசம்மா.

"அப்பாவோட மருந்து."

"ஐயோ, அதுக்கு ரத்தமே தேவலையே! நான் எதையும் பாக்கல தாயி, சாட்சிக்குக் கூப்டாத." மீன் கூடை தலைக்கேறியது. தேசம்மா தெருவில் கூவுகிற சத்தம் வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்து மறைந்தது.

ஃப்ளோரா வாசல் கதவைத் தாழிட்டாள். தாழிடாமல் என்ன செய்வாள்? அப்பா அல்போன்ஸ் மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது, லெக்சரர்கள் பேசுவார்கள், இவர் குழாய் கழுவுவார். இப்போது ஒரு லெக்சரர் வேலை காலியாகியிருந்தது. அதற்குச் சிபாரிசு செய்ய வேண்டியவர் புரொபசர் சந்திரமௌலி. அந்தச் சந்திரமௌலி சாருக்கு இடது காலில் நரம்பு வலி. யுத்தத்தினால் சீமைக் களிம்புகள் கப்பலேறி வருவது நின்று போயிருந்தது. கடவுளே கூட்டல் போட்டுக் கொடுத்த கணக்கு மாதிரி அல்போன்ஸுக்கு அது தெரிந்தது.

"மிளகாயோட காரத்துல ஒரு சத்து இருக்கு ஃப்ளோரா," என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். "அதைத் தனியாப் பிரிச்சு நரம்பு மேல தேச்சா, நரம்பு கத்திக் கத்திக் களைச்சுப் போகும். களைச்ச நரம்பு எப்படி வலிக்கும்?"

"நாங்க தும்மித் தும்மிக் களைச்சுப் போயிட்டோமே, அதுக்கு ஒரு மருந்து கண்டுபிடிங்க," என்பாள் அம்மா ஜெசிந்தா. குண்டூர் மிளகாயை இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்து எல்லாம் அவள் அடுப்படியில்தான். சாந்தோமில் அந்த வீட்டைத் தாண்டிப் போகிற பிச்சைக்காரன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டான்.

அந்தச் சத்துதான் இப்போது தரையில். ஃப்ளோரா துணியால் துடைத்தாள், போதாமல் கையால் வழித்தாள், பயத்தில் அழுகை வர அதே கையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் அழுவதற்கு வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் புனித அந்தோனியார். கொட்டியதை அள்ளித் தருபவர் யார் என்று ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லவில்லை. வீங்கிய கண்ணைத் திறந்து அலமாரியைப் பார்த்தாள். கீழ்த்தட்டில் அம்மாவின் தலை எண்ணெய். தேங்காயெண்ணெயில் வேம்பாளம் பட்டை ஊறி, அச்சு அசல் அதே சிவப்பு.

அன்று மாலை அல்போன்ஸ் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஃப்ளோரா தரையில் தைலம் கொட்டிய இடத்தின் மேல் போய் நின்றுகொண்டாள்.

"பாத்தியா, எப்படித் தெளிஞ்சிருக்கு? வண்டலெல்லாம் அடங்கிடுச்சு!"

மோந்தும் பார்த்தார். பயமில்லை. மிளகாய் நெடியில் அவர் மூக்கு எப்போதோ ராஜினாமா செய்திருந்தது.

"நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. நான் குடுத்தா காக்கா பிடிக்கிறான்னு காலேஜே சிரிக்கும்."

சந்திரமௌலி சாரின் வீடு கபாலி கோயில் குளத்துக்கு எதிரே. கூடத்தில் சாய்வு நாற்காலி, அதில் சார், அவருக்கு முன்னால் முக்காலி, அதில் இடது கால். அந்தக் காலுக்குத் தலையணை வேறு. சுவரில் ஆணியில் ஒரு இரும்புத் தொப்பி தொங்கியது. ஏ.ஆர்.பி. வார்டனுக்குச் சர்க்கார் கொடுத்தது. ஜப்பான்காரன் குண்டு போட வந்தால் வெளிச்சம் தெரியக் கூடாதென்று, ராத்திரி விசிலோடு தெரு முழுக்க நடந்து, விளக்கெரியும் வீட்டுக் கதவைத் தட்டித் திட்டுகிற கௌரவ உத்தியோகம். சம்பளம் கிடையாது, கொசு உண்டு. வார்டனுக்குக் கால் முடியாமல் போனதால் மாமி தொப்பியில் புளி போட்டு வைத்திருந்தாள்.

"தேசத்துக்குச் சேவை பண்ண முடியலையேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கறது," என்றார் சார், பஜ்ஜியைக் கடித்தபடி. "வார்டன் நோட்டீஸ் வந்தன்னிக்கே இந்த வலியும் வந்துதுன்னா என் அதிர்ஷ்டத்தைப் பாரேன்."

மாமி பாட்டிலைத் திறந்தாள். மூடியைத் திருகும்போது அவள் முகம் லேசாகச் சுளித்தது. கையில் கொஞ்சம் ஊற்றினாள். நின்றாள். ஃப்ளோராவைப் பார்த்தாள். பிறகு காலில் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஃப்ளோரா மனதுக்குள் ஜெபமாலை உருட்டினாள்.

"ஆஹா!" என்றார் சார். "என்ன இதம்! நரம்புக்குள்ள எறங்கறது! அல்போன்ஸ் சாதாரண ஆளில்லை!"

"அப்ப... சரியாயிடுச்சா சார்?"

சார் துள்ளிவிழாத குறை. "அவசரப்படாதே! இதம்னுதான் சொன்னேன், குணம்னு சொல்லலை. நாள்பட்ட வலி. இன்னும் பல பாட்டில் தேவைப்படும்."

மாமி காபி கொண்டுவந்தாள். கிறிஸ்துவப் பெண்ணுக்கென்று ஒதுக்கிய தனி டம்ளர்தான், ஆனால் காபி மட்டும் முதல் டிகாக்ஷன். கொடுக்கும்போது டம்ளர் மாமி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"கையில என்ன வெண்ணெயா? வரவர ஒரு சாமானும் நிக்கமாட்டேங்கறது!" என்றார் சார். மாமி வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு இடது கையால் தரையைத் துடைத்தாள். மாமிக்குக் கை பதறும் சுபாவம் போலிருக்கிறது என்று ஃப்ளோரா நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அல்போன்ஸ் செய்தி கேட்டுத் தரையில் கால் பாவாமல் நடந்தார். "இதம் மட்டுந்தானா? அப்ப வீரியம் பத்தலை. அடுத்ததுல மிளகாயை இன்னும் கூட்டறேன்!"

ஃப்ளோரா யோசித்துப் பார்த்தாள். வெறும் தலை எண்ணெய்க்குப் பழகிய காலில் அசல் தைலம் பட்டால் என்ன ஆகும்? அப்பாவின் வேலை மட்டுமா போகும், இருக்கிற குழாய் கழுவும் உத்தியோகமும் சேர்ந்து போகும். ஆகவே இரண்டாவது பாட்டிலையும் மாற்றினாள். அதற்கும் சார் "ஆஹா" என்றார். அப்பா மிளகாயைக் கூட்டினார். அவள் மூன்றாவதையும் மாற்றினாள்.

இதற்குள் வலி பரவ ஆரம்பித்தது.

சார் கால் முடியாதவர் என்பதால் வார்டன் நோட்டீஸ் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் பாண்டுரங்கனுக்குப் போனது. மறுநாளே பாண்டுரங்கன் கூடத்தில் சுருண்டுகிடந்தார்.

"ஓய் சந்திரமௌலி, எனக்கும் அதே நரம்புதான் ஓய்! இடுப்புலேர்ந்து இழுக்கறது! அந்தத் தைலம் எனக்கும் வேணும்!"

பிறகு அதற்கடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீடு. நோட்டீஸ் எங்கே போனதோ, விடிந்தால் வலியும் அங்கே போனது. எல்லோருக்கும் அல்போன்ஸ் தைலம் இதமாக இருந்தது. ஒருவருக்கும் குணமாகவில்லை. அல்போன்ஸ் தெருவைப் படமாக வரைந்து, வலி வீட்டு நம்பர் வரிசையில் நகர்வதைச் சிவப்பு மையில் காட்டினார்.

"நரம்பு வலி தொத்து வியாதி, ஜெசிந்தா! இதை உலகத்துல யாரும் கண்டுபிடிச்சதில்ல!"

நோட்டீஸ் கொண்டுபோகும் பியூனை மட்டும் அவர் படத்தில் சேர்க்கவில்லை.

ஜெசிந்தாவுக்கு வேறு கவலை. யுத்தக் காலத்தில் தேங்காயெண்ணெய் கிடைப்பதே அரிது. வேம்பாளம் பட்டை வாங்கி வாங்கி ஊறப்போடுகிறாள், எண்ணெய் மட்டும் காணாமல் போகிறது.

"யாருக்காகடி இப்படி எண்ணெயைக் கொட்டிச் சிங்காரிக்கிற?"

"நான் தடவவே இல்லம்மா."

"அது தெரியுது. தலை காக்கா கூடு மாதிரி இருக்கு. அப்ப எண்ணெய் எங்கடி போகுது? குடிக்கிறியா?"

தாங்க முடியாமல் ஃப்ளோரா சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழங்காலிட்டு, "சுவாமி, நான் ஒரு பெரிய ஏமாத்து வேலை..." என்று தொடங்கினாள்.

"குரலைப் பாத்தா அல்போன்ஸ் மகள் மாதிரி இருக்கே?" என்றது தட்டிக்குப் பின்னாலிருந்து குரல். "உங்கப்பா தைலம் பிரமாதமாமே! எனக்கும் முழங்கால்ல சுருக் சுருக்னு குத்துது. ஒரு பாட்டில் அனுப்பச் சொல்லு. ம், பாவத்தைச் சொல்லு."

ஃப்ளோரா, தம்பியைக் கிள்ளியதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. கல்லூரி பிரின்ஸிபால் துரை, ஒரு பட்டாளத்து டாக்டர் துரையோடு சந்திரமௌலி சார் வீட்டுக்கே வருகிறார். காயம்பட்ட சிப்பாய்களுக்கு இந்தத் தைலம் உதவுமா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். அவர்கள் முன்னால் அல்போன்ஸே மருந்து போட வேண்டும். டாக்டர் தலையாட்டினால் லெக்சரர் வேலை.

அல்போன்ஸ் மூன்று நாள் தூங்காமல் வற்றவைத்தார். அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு ஜன்னல் கட்டையில் விழுந்தது. அந்த வழியாக வந்த பல்லி திரும்பி வேறு வழியாகப் போனது.

கிளம்பும் நாள் காலை, அப்பா குளிக்கப் போன சமயம், கோட்டின் இடது பையிலிருந்து அசலை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துத் தலை எண்ணெயை அங்கே வைத்தாள் ஃப்ளோரா. அவளும் கூடவே ஜட்கா ஏறினாள். வண்டி நகரும்போது ஜெசிந்தா ஓடிவந்தாள்.

"என்னங்க, முக்கியமானதையே மறந்துட்டுப் போறீங்களே! அரிசிப் பானைக்குப் பின்னாலயா மருந்தை வைப்பாங்க?" அசல் பாட்டில் அப்பாவின் வலது பைக்குள் விழுந்தது.

"நான்தான் எடுத்து வச்சேனே..." என்று அப்பா குழம்புவதற்குள் குதிரை கச்சேரி ரோடுக்குள் திரும்பிவிட்டது.

கச்சேரி ரோடு நெடுக ஃப்ளோரா கணக்குப் போட்டாள். இடது பையில் தலை எண்ணெய். வலது பையில் நெருப்பு. அந்தோனியாரே, இடது. இடது. இடது.

கூடத்தில் துரைகள் இருவரும் நாற்காலியில். பாண்டுரங்கன் இடுப்பில் கை வைத்து, வலி தெரியும்படி நின்றார். சார் முக்காலியில் காலை நீட்டி, கண்ணை மூடி, தேசத்துக்காக வேதனைப்படும் முகத்தோடு இருந்தார்.

அல்போன்ஸின் இடது கை இடது பைக்குள் போனது. ஃப்ளோரா மூச்சு விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பிரின்ஸிபால் துரை கை குலுக்க எழுந்தார். துரைக்கு ஒரு கையா கொடுப்பது? அல்போன்ஸ் பையிலிருந்து கையை உருவி, இரண்டு கையாலும் குலுக்கி, குலுக்கிய பூரிப்பில் வலது கையை வலது பைக்குள் விட்டார்.

"நானே போட்டு விடறேன் சார்."

"வேண்டாம், நான் தேய்க்கறேன். எனக்குத்தானே பழக்கம்," என்று மாமி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். வழக்கம்போல உள்ளங்கை நிறைய ஊற்றினாள். வழக்கம்போல முழங்காலிலிருந்து பாதம்வரை அழுத்தித் தேய்த்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

"ஆஹா," என்று ஆரம்பித்தார் சார், கண்ணை மூடியபடியே. "என்ன இதம்! ஆனா குணம்னு சொல்ல முடியாது. இன்னும் ஒரு வருஷமாவது..."

அங்கே நிறுத்தினார். கண் திறந்தது. காது சிவந்தது. மீசை தனியாக நடுங்கியது.

"...ஒரு வருஷமாவது..." என்று இன்னொரு முறை முயற்சி செய்தார். பிறகு தமிழிலும் இங்கிலீஷிலும் இல்லாத ஒரு சத்தம் போட்டார். முக்காலி ஒரு பக்கம் பறந்தது, தலையணை டாக்டர் துரை மடியில் விழுந்தது. சார் வாசலைத் தாண்டினார். தெருவைத் தாண்டினார். மாட்டு வண்டி ஒன்றை மாட்டுப் பக்கமாகவே தாண்டினார். குளத்துப் படிகளை நாலு நாலாக இறங்கி, மழைத் தண்ணீர் நிரம்பிய தெப்பக்குளத்தில் தொபுக்கென்று குதித்தார்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதை முப்பது வருஷமாகப் பாடம் நடத்தியவர் அவர். அது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. முன்னைவிடப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். கடைசியாக ஓடிய ஃப்ளோரா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். மாமி மட்டும் கூடத்தில் நின்றிருந்தாள். சிவந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, கண்ணை மூடி. ஒரு முனகல்கூட இல்லை. புருஷனுக்காகப் பிரார்த்திக்கிறாள் போலும்.

குளத்தங்கரையில் ஃப்ளோரா எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அப்பா வெளிறிப்போய் நின்றார். ஆனால் டாக்டர் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷமாக நடக்காதவர் இவ்வளவு தூரம் இவ்வளவு நேரத்தில் ஓடியிருக்கிறார், ஒரே தடவை போட்டதில் இப்படிக் குணமாவதைத் தாம் எங்கேயும் கண்டதில்லை என்றார். அல்போன்ஸின் முதுகில் தட்டினார். இத்தனை வேகமாக ஓடக் கூடியவர் சாதாரண வார்டனாக இருப்பது வீண் என்று சொல்லி, மயிலாப்பூருக்கே தலைமை வார்டனாகச் சிபாரிசு செய்வதாகவும் பிரின்ஸிபாலிடம் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற சந்திரமௌலி சாருக்கு அதையும் கேட்க நேர்ந்தது.

மறுநாள் காலை தேசம்மா வாசலில் கூடையை இறக்கியதும் இறக்காததுமாக ஜெசிந்தாவிடம், "அடாடா, ஐயரு ஓட்ன ஓட்டத்தப் பாக்கணுமே! நான் வஞ்சிரம் கூவிக்கினு போறேன், பக்கத்துல சைக்கிள்ல ஒருத்தன் போறான், அவனயே முந்திக்கினாரும்மா! உங்கூட்டுக்காரர் கையில தெய்வம் கீது!" என்றாள்.

பாண்டுரங்கன் முந்தின நாளே குளத்தங்கரையிலிருந்து வீட்டுக்கு நிமிர்ந்தே நடந்து போயிருந்தார். "அடுத்து உங்களுக்குப் போட்டுடலாமா சார்?" என்று அல்போன்ஸ் பின்னாலேயே போய்க் கேட்டார்.

"எனக்கா? எனக்கு என்ன ஓய்? கல்லு மாதிரி இருக்கேன்! இந்தா பாரும்!" என்று வாசலில் தோப்புக்கரணம் போட்டே காட்டினார். அன்று இருட்டுவதற்குள் அந்தத் தெருவில் நரம்பு வலி என்று பேருக்குக்கூட ஒருவர் இல்லை. ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை. அல்போன்ஸ் தம் படத்தில் எல்லா வீட்டையும் பச்சை மையால் அடித்தார்.

லெக்சரர் வேலை கிடைத்தது. அம்மா கேக் சுட்டாள், சாமியார் வந்து சாப்பிட்டார், முழங்கால் சரியாகிவிட்டதாக அவராகவே சொன்னார். ஃப்ளோராவுக்குத்தான் கேக் இறங்கவில்லை. யாரிடமாவது கொட்டினால் தேவலை. இரண்டு நாள் கழித்து, தானாகவே கால்கள் கபாலி கோயில் குளத்துக்குக் கொண்டுபோய் விட்டன.

மாமி கூடத்தில் தொப்பியிலிருந்த புளியை ஜாடிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். சார் இரும்புத் தொப்பிக்காகக் காத்துக்கொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டி, வாசலில் உர்ரென்று நின்றார். தொப்பியை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். போகிற வழியெல்லாம் புளி வாசனை.

"மாமி, நான் ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்பா வேலை போயிடும்." ஃப்ளோராவுக்கு அழுகை முட்டியது. "அன்னிக்குத் தேச்சதுதான் நிஜத் தைலம். அதுக்கு முன்னாடி குடுத்ததெல்லாம்..."

"தலை எண்ணெய்தானே?"

ஃப்ளோரா கண்ணைத் துடைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"மொதல் பாட்டில்லயே தெரியும்டி அசடே. வேம்பாளம் பட்டை வாசனை எனக்குத் தெரியாதா? அவர் காலுக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் என் தலைக்கு." மாமி கொண்டையைத் திருப்பிக் காட்டினாள். நிஜமாகவே கருகருவென்றிருந்தது.

"அப்ப ஏன் மாமி சொல்லலை?"

"சொன்னா உங்கப்பா நெஜத்தை அனுப்பிச்சுடுவாரே! காலுல ஒண்ணுமே இல்லாத மனுஷர், பாவம், எதுக்கு எரியணும்னு இருந்தேன். அன்னிக்கும் தலை எண்ணெய்தான்னு நெனச்சேன், மூடியைத் தெறந்தப்போ மூக்குல ஏறித்து. துரைகள் எதிர்க்க என்ன பண்றது சொல்லு? தேய்ச்சேன்."

உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அவள் வீட்டு டம்ளர், தனி டம்ளர் இல்லை. விளிம்புவரை நிரம்பியிருந்ததை வலது கையால் நீட்டினாள். ஒரு சொட்டுத் தளும்பவில்லை. ஃப்ளோரா காபியை வாங்க மறந்து அந்தக் கையையே பார்த்தாள்.

மாமி வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த நெஜத் தைலம் இன்னும் ஒரு பாட்டில் கெடைக்குமாடி? மாமாவுக்கில்லை, அன்னிக்குத் தேய்ச்சு விட்டேன் பாரு, அதுலேர்ந்துதான் இந்தக் கை என்னை ராத்திரில தூங்க விடறது."